ஆறாவது படம்

மேடையில் படமாக இருந்தவர், முன்வரிசை ஓரத்து நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒலிவாங்கியைத் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்த செயலாளரின் விரல் அந்தரத்தில் நின்றது. திரும்பி மேடையைப் பார்த்தார். வரிசையாக ஆறு தாங்கிகள், ஆறு படங்கள். ஆறாவது சட்டத்துக்குள் அந்த மீசை. வெள்ளை வெளேரென்று இரண்டு பக்கமும் விரிந்து, சட்டத்துக்குள் இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் மீசை.

மறுபடி முன்வரிசையைப் பார்த்தார். அதே மீசை. இங்கே சட்டம் இல்லாததால் தாராளமாகப் பரந்திருந்தது.

பந்தாட்ட நடுவர்!

நினைவு மன்றத்தின் வழக்கம் இதுதான். மாதக் கடைசி ஞாயிறு, அந்த மாதம் மறைந்த பெரியவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே இரங்கல் கூட்டம். துறை எதுவானாலும் கவலையில்லை, மாதம் ஒன்றாக இருந்தால் போதும். இந்த மாதம் ஒரு கணித மேதை, ஒரு பாடகி, ஓர் இதய மருத்துவர், பாலம் கட்டுவதில் புலியான ஒரு பொறியாளர், ஒரு கேலிச்சித்திரக்காரர், ஒரு பந்தாட்ட நடுவர். உயிரோடு இருந்தவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள்.

உண்மையில் வியாழக்கிழமை வரை ஐந்து பேர்தான் தேறியிருந்தார்கள். மேடையில் ஒரு தாங்கி காலியாக நின்றால் மன்றத் தலைவருக்கு ஆகாது. ஆறாவது ஆளுக்கு எங்கே போவது என்று செயலாளர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான், முடிதிருத்தும் கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"சேதி தெரியுமா சார்? பெரிய மீசை வச்சிருப்பாரே, பந்தாட்ட நடுவர், அவர் போயிட்டாராம். சொந்தம் பந்தம்னு யாரும் இல்ல. மலையடிவாரத்துல தனியாத்தான் இருந்தாராம், பாவம்."

"அப்பாடா!" என்றார் செயலாளர்.

கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

செய்தியை வேறு யாரிடமாவது விசாரித்தாரா? இல்லை. பாதித் தலையோடு எழுந்து ஓடிப்போய்ப் படத்தைச் சட்டம் போடக் கொடுத்துவிட்டு வந்துதான் மீதித் தலையைக் காட்டினார். அந்தப் பாவம்தான் இப்போது முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

போன மாதமே ஒரு கூத்து நடந்திருந்தது. வயலின் வித்துவானுக்கு எழுதிய இரங்கலுரையை, தவறிப் போய்ப் பல் மருத்துவருக்கு வாசித்துவிட்டார். 'இவர் கருவியைக் கையில் எடுத்தால் எதிரே இருப்பவர் கண்களில் தாரை தாரையாக நீர் வழியும்' என்று அவர் உருகியபோது, மருத்துவரின் குடும்பம் எழுந்து வெளியே போய்விட்டது. தலைவர் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தப்பு நடக்கட்டும், துணைச் செயலாளரைச் செயலாளராக்கிடுவேன்."

துணைச் செயலாளர் பக்கத்திலேயே நின்று பணிவாகத் தலையாட்டினார். செயலாளர் எழுந்தால் அந்த நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து பார்க்கிற மனிதர் அவர். மன்றத்தில் அவருக்குப் பெயரே 'அடுத்தவர்'தான்.

பதவி போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவருக்கு வீட்டிலிருந்து தப்பிக்க இருந்த ஒரே வழி இந்த மன்றம். வீட்டு எஜமானி ஏற்கெனவே திட்டம் தீட்டி வைத்திருந்தாள். "பதவி போனா நல்லதாப் போச்சு. காலையில பட்டாணி உரிங்க. மத்தியானம் பரண் சுத்தம் பண்ணுங்க. சாயங்காலம் என் தங்கச்சி போன் பண்ணுவா, என் சார்பா நீங்களே 'ம்' கொட்டுங்க. எனக்குக் காது வலிக்குது."

அந்த 'ம்'மை நினைத்ததும் செயலாளர் ஒலிவாங்கியை விட்டார். மேடையிலிருந்து இறங்கினார். நடந்தாரா, மிதந்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. நடுவர் அருகில் போய்க் குனிந்தார்.

"ஐயா... நீங்க..."

"ஷ்ஷ்!" நடுவர் உதட்டில் விரலை வைத்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட நீளமான கோட்டு. காலருக்குள்ளிருந்து விசில் கயிறு எட்டிப் பார்த்தது. "நான் எத்தனாவது?"

"எ... என்னது?"

"இந்த ஆறு பேர்ல நான் எத்தனாவதுன்னு கேட்டேன்."

தன் இரங்கலுக்குத் தானே முறை கேட்கிற மனிதரைச் செயலாளர் இதுவரை பார்த்ததில்லை. "ஆ... ஆறாவது."

"நல்லது. கடைசியா வந்தாத்தான் கௌரவம்."

"ஐயாவுக்குக் கோபம் ஒண்ணும் இல்லையே?"

"கோபமா?" நடுவரின் கண் சிவந்தது. "மேடையில பாரு என் கோபத்தை. இந்தக் கூடத்தையே ஒரு உலுக்கு உலுக்கிடறேன்."

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். நகர மேயர். இன்னும் சில நிமிடங்களில் கூட்டம் தொடங்கிவிடும். மூளை வேலை செய்வதற்கு முன் செயலாளரின் கைகள் வேலை செய்தன. மேடையேறி, ஆறாவது படத்தைத் தூக்கி, கண்ணாடியைத் துடைக்கிறவர் போலப் பாவனை செய்துகொண்டே பக்கத்துப் பொருள் அறைக்குள் கொண்டுபோய்ச் சுவரோரம் திருப்பி வைத்தார்.

படம் இல்லை, இரங்கலும் இல்லை. ஐந்து பேரோடு முடித்துக்கொள்ளலாம். மூச்சு வந்தது.

வெளியே வந்தால் அடுத்தவர் நின்றிருந்தார்.

"என்ன சார், இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"புழுக்கம்."

"மின்விசிறிக்குக் கீழதானே நிக்கறீங்க? அது போகட்டும், மேடையில அஞ்சு படம்தானே இருக்கு?"

"அஞ்சு போதும்யா. ஒருத்தரைக் குறைச்சுட்டேன்."

"யாரை?"

"நடுவரை."

அடுத்தவரின் முகம் கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று ஆனது. "ஐயையோ! மேயர் வந்திருக்கிறதே அவருக்காகத்தானே சார்! உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. கண்ணெதிரே மேயர், மன்றத் தலைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: "சின்ன வயசுல நான் பந்தாட்டக்காரன். ஒரு ஆட்டத்துல எதிராளி காலை வாரி விட்டேன். சிவப்பு அட்டையை எடுத்து என் மூக்குக்கு நேரா நீட்டினார் பாருங்க அந்த நடுவர்! அன்னிக்கு விளையாட்டை விட்டவன், இன்னிக்கு மேயரா நிக்கிறேன். மத்த அஞ்சு பேரை எனக்குத் தெரியாது. அவருக்கு என் கையால மலர்வளையம் வைக்கணும்."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடக்கத்துக்கு நான் நேர்லயே போயிருந்தேன். முகத்துல அப்படியொரு அமைதி."

செயலாளர் விக்கித்துப் போனார். மேயரைக் குளிரவைக்க மனிதர் எப்படி வாய் கூசாமல் புளுகுகிறார்! புளுகப்பட்ட ஆள் பத்தடி தள்ளி உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டிருக்கிறார். அவரை மேயர் திரும்பிப் பார்த்தால்? தலைவர் மானம் போகும். தலைவர் மானம் போனால் அடுத்த நிமிஷம் தன் பதவி போகும்.

படத்தை எடுத்தது தப்பு. ஆளைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

"ஐயா, உள்ள வாங்க, ஒரு வாய் தேநீர் சாப்பிடலாம்," என்று நடுவரின் கையைப் பிடித்தார்.

ஆச்சரியம், நடுவர் மறுப்பே சொல்லாமல் எழுந்தார். "அதுவும் சரிதான். நேரம் வர்றதுக்கு முன்னாடி யார் கண்ணுலயும் படக்கூடாது."

பொருள் அறையில் ஒரு பழைய முக்காலி, சுருட்டி வைத்த பாய்கள், உடைந்த ஒலிபெருக்கி. நடுவர் முக்காலியில் உட்கார்ந்தார். சுவரோரம் திருப்பி வைத்த தம் படத்தை எடுத்துப் பார்த்து மீசையை ஒப்பிட்டுக்கொண்டார்.

செயலாளர் கைகூப்பினார். "மன்னிச்சிடுங்க ஐயா. நீங்க போயிட்டீங்கன்னு எல்லாரும் நெனச்சுட்டோம்."

"அப்படி நெனச்சவங்க முன்னாடி எழுந்து நிக்கிறதுதானே சுகம்!"

"பின்பக்கமா ஒரு வழி இருக்கு. வண்டி பிடிச்சுத் தர்றேன். பேசாம வீட்டுக்குப் போயிடுங்களேன்."

நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மேடை ஏறாமத் திரும்பிப் போற பழக்கம் எனக்கு இல்ல தம்பி. பயப்படாதே. நான் பாத்துக்கறேன்."

அதுதான் பயமாக இருந்தது. செயலாளர் வெளியே வந்து கதவைச் சாத்தினார், தாழ்ப்பாள் போட்டார், பூட்டையும் தொங்கவிட்டார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டபோதுதான் கவனித்தார். நடுவரின் படம் அவரோடு உள்ளேயே மாட்டிக்கொண்டது.

மேயர் மேடையேறிவிட்டார். காலியாக நிற்கும் தாங்கியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"கண்ணாடி துடைக்கப் போயிருக்கு, இதோ வந்துடும்," என்றார் செயலாளர்.

திறந்தால் ஆள் வெளியே வருவார். திறக்காவிட்டால் படம் வராது. கூடத்து நடைவழியில் கண்கள் அலைந்தன. அங்கே ஆணியில் ஒரு படம் தொங்கியது. மன்றத்தைத் தொடங்கி வைத்த அம்மையார். பெரிய முகம், முறைக்கிற கண்கள். கண்கள் மட்டும் தெரிந்தால் அம்மையாரும் ஒன்றுதான், நடுவரும் ஒன்றுதான். படத்தைக் கழற்றித் தாங்கியில் வைத்து, வாசலில் வந்து குவிந்திருந்த பூங்கொத்துகளையெல்லாம் அள்ளி மூக்குவரை அடுக்கினார்.

தூரத்திலிருந்து பார்த்தால் பூக்கடைக்குள் யாரோ ஒளிந்துகொண்டு முறைப்பது போல இருந்தது. பரவாயில்லை.

கூட்டம் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் நாலு வார்த்தை, பிறகு எழுந்து நின்று மௌனம். அதுதான் முறை. கணித மேதையைப் பற்றி ஒரு பேராசிரியர் பேசினார். யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிறகு மௌனம். ஊசி விழுந்தால் கேட்கும்.

*பீ...ப்!*

கூடமே திடுக்கிட்டது. சுவருக்கு அப்பாலிருந்து விசில்.

மேயரின் முகம் வெளுத்தது. "அந்த விசில்... எனக்குத் தெரியும். அது அவரோட விசில்!"

"தெருவுல... தெருவுல போக்குவரத்துக் காவலர் சார்."

"எனக்கு மயிர்க்கூச்செறியுதுய்யா. சிவப்பு அட்டையைத் தூக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் ஊதினார்."

பின்வரிசையில் ஒரு கிழவர் மெல்ல எழுந்து, எதற்கும் இருக்கட்டும் என்று வாசல் பக்கத்து நாற்காலிக்கு மாறிக்கொண்டார்.

பாடகி முடிந்தார். இதய மருத்துவர் முடிந்தார். அவர் கைபட்ட இதயம் ஒன்று நேரிலேயே வந்து இரண்டு வார்த்தை பேசி எல்லோரையும் கலங்கவைத்தது. செயலாளர் மட்டும் கலங்கவில்லை. அவர் இதயம் கலங்குவதைத் தாண்டி, காதுக்குப் பின்னால் போய் அடித்துக்கொண்டிருந்தது. பொறியாளருக்கான மௌனத்தின்போது சுவருக்குப் பின்னால் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. செயலாளர் தானும் கனைத்துச் சமாளித்தார். மறுபடி அங்கே கனைப்பு, மறுபடி இவர் கனைப்பு. பக்கத்திலிருந்த பெண்மணி தன் கைப்பையிலிருந்து இருமல் மிட்டாய் எடுத்து நீட்டினாள்.

கேலிச்சித்திரக்காரரும் முடிந்தார். அடுத்தவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். கணீரென்று அறிவித்தார்:

"ஆறாவதாக, பந்தாட்ட நடுவர்!"

மேயர் மலர்வளையத்தோடு எழுந்தார். தாங்கியருகே போனார். நின்றார்.

"முகமே தெரியலையே. இவ்வளவு பூ எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கொத்தை எடுத்துக் கீழே வைத்தார்.

"வேண்டாம் சார்! அவருக்குப் பூன்னா உயிர்!"

இன்னொரு கொத்து. இன்னொன்று. மூக்கு தெரிந்தது. மூக்கில் மூக்குத்தி தெரிந்தது. மீசை இருக்க வேண்டிய இடத்தில் மீசை இல்லை.

மேயர் நிதானமாகத் திரும்பினார். "யாருய்யா இந்த அம்மா?"

"அது வந்து... அவரோட இளமைக்காலத்துல எடுத்த..."

"இளமையில அம்மாவா இருந்தாரா?"

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்தவர் செயலாளரின் நாற்காலியை ஒரு முறை பாசத்தோடு தடவிப் பார்த்தார். தலைவர் எழுந்துவிட்டார். பட்டாணி, பரண், மைத்துனியின் குரல் எல்லாம் செயலாளரின் கண்முன் வரிசை கட்டி வந்தன.

*பீ...ப்! பீ...ப்! பீ...ப்!*

இந்தத் தடவை சத்தம் மேடையிலேயே கேட்டது. செயலாளர் கூடத்துப் பக்கக் கதவைத்தான் பூட்டியிருந்தார். பொருள் அறைக்கு மேடைத் திரைக்குப் பின்னாலும் ஒரு கதவு உண்டு என்பது, இத்தனை வருஷம் அந்த மன்றத்தில் குப்பை கொட்டியவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

திரை விலகியது. கோட்டைக் கழற்றி வீசியெறிந்தார் நடுவர். உள்ளே கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. முழங்கால்வரை காலுறை. மேடை அதிர மூன்று எட்டு எடுத்து வைத்து, மேயரின் மூக்குக்கு நேராகச் சிவப்பு அட்டையை நீட்டினார்.

"யார் சொன்னது நான் போயிட்டேன்னு?" கூரை அதிர்ந்தது. "ஆட்டம் முடிஞ்சுதுன்னு விசில் ஊத வேண்டியது யாரு? நான்! நான் இன்னும் ஊதலை!"

மேயரின் கையிலிருந்து மலர்வளையம் நழுவி, வட்டமாக உருண்டு போய் அடுத்தவரின் காலடியில் படுத்தது. பின்வரிசைக் கிழவர் போய்விட்டிருந்தார். ஒருவரும் மூச்சு விடவில்லை. தலைவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். கோபம் தலைக்கேறினால் சிலருக்கு அப்படித்தான் சிரிப்பு வரும் என்று செயலாளர் தீர்மானித்தார்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. கழுத்துக்கு மேல் வெள்ளம் வந்துவிட்டது. அந்தக் கணத்தில், எங்கிருந்து வந்ததோ, அவருக்கு ஒரு யோசனை வந்தது. பாய்ந்து அடுத்தவர் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"அன்பர்களே!" குரல் அவருடையது போலவே இல்லை. "உங்களை இவ்வளவு நேரம் காக்க வைத்ததற்கு மன்னிக்கவும். உண்மையைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது. நடுவர் ஐயா சாகவில்லை! இதோ, குத்துக்கல்லாட்டம் நம் முன்னால் நிற்கிறார்! போன பிறகு பூ வைத்து என்ன பயன்? இருக்கும்போதே ஒருவரைக் கூப்பிட்டுக் கைதட்ட வேண்டும் என்று நான்தான் யாருக்கும் சொல்லாமல் திட்டம் போட்டேன். படத்தை எடுத்தது நான். ஐயாவை ஒளித்து வைத்தது நான். தலைவருக்குக்கூடத் தெரியாது! கைதட்டுங்கள், ஐயாவின் காது குளிரத் தட்டுங்கள்!"

பிறகு கூடம் வெடித்தது. நாற்காலிகள் பின்னால் சாய்ந்தன. விசிலடித்தார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கணித மேதையின் தம்பி நாற்காலிமேல் ஏறி நின்று தட்டினார். மேயர் "ஐயா! என் ஐயா!" என்று கதறிக்கொண்டு ஓடிப்போய் நடுவரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நடுவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். மேயரின் மார்பு அந்த வாயை அடைத்துவிட்டது. கண்கள் மட்டும் மேயரின் தோளுக்கு மேல் திருதிருவென்று உருண்டன.

"செயலாளரே! உங்களை மாதிரி ஒரு ஆள் இந்த நகரத்துக்கே வேணும்யா!" என்று மேயர் அழுதுகொண்டே கத்தினார். "இந்த மன்றம் இருக்கிறவரைக்கும் நீங்கதான் செயலாளர்!"

அடுத்தவர் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். செயலாளரின் நெஞ்சு விம்மியது. வீட்டுக்குப் போனதும் எஜமானியிடம் எந்த இடத்திலிருந்து கதையைத் தொடங்குவது என்றுகூட யோசித்துவிட்டார். தலைவர் பக்கம் பெருமையாகத் திரும்பினார். தலைவரின் சிரிப்பைக் காணோம். அவர் வாய் திறந்தபடி இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்பது போல இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். பாவம், சந்தோஷத்தில் மனிதருக்குப் பேச்சு வரவில்லை.

அப்போது பின்கதவு வழியாகத் தகரப் பெட்டியும் கையுமாக ஒரு பெண் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தாள்.

"மேயரய்யா, கொஞ்சம் மெதுவாக் கட்டிப்பிடிங்க! அது மன்றத் தலைவர் கேட்ட நடுவர் வேஷத்துக்கு ஒட்டின வாடகை மீசை. ஆறு மணி நாடகத்துல ராஜா வேஷக்காரருக்கும் அதைத்தான் நான் ஒட்டியாகணும்!"